தரை தூங்குது

இல்ல சிஸ்டர், கதவ மட்டும் சாத்திராதீங்க. சங்கிலி அப்படியே இருக்கட்டும், நான் உள்ள வரல. இந்தா பாருங்க, மாஸ்க் போட்டிருக்கேன். ரெண்டு படி மேல ஏறி நின்னுக்கிறேன், போதுமா? இன்னும் ஒரு படியா? சரி.

எங்க வீட்டு ஓனருக்கு போன் பண்ணுங்க, வேணாம்னு சொல்லல. கையில போன் வச்சிருக்கீங்க, தெரியுது. நம்பர் இல்லன்னா நானே சொல்றேன். ஆனா பண்றதுக்கு முன்னாடி நான் சொல்றத முழுசா கேட்டுருங்க. மன்னிப்பு கேக்க வரல. அதாவது, மன்னிப்பும்தான். அதுக்கு மட்டும் இல்லங்கறேன். என் பொண்ணுக்காக உங்ககிட்ட ஒரு காரியம் ஆகணும். அதுவும் நீங்க வண்டி ஏறுறதுக்குள்ள.

வாட்ச்மேன்தான் சொன்னாரு. சாயங்காலம் ஆஸ்பத்திரி வண்டி வருதாம், இனிமே அங்கயே விடுதியில தங்கணுமாம், எப்ப திரும்பி வருவீங்கன்னு உங்களுக்கே தெரியாதாம். அவருக்குத் தெரியாதது எது? எந்த வீட்ல யாரு தும்முனாங்கன்னு கேட்டா மாடி வாரியா சொல்லுவாரு. அதோ, பை கட்டி வச்சிருக்கீங்க. ராத்திரி முழுக்க வார்டுல நின்னுட்டு வந்து, போறதுக்கு முன்னாடி கொஞ்சம் கண்ண மூடலாம்னு படுத்திருப்பீங்க. அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேல தொம்மு தொம்முன்னு. யாருக்குத்தான் கோபம் வராது? நீங்க குச்சியால மேல இடிச்சீங்க பாருங்க, அது கேட்டதும்தான் ஓடி வந்தேன். நீங்க முழிச்சிருக்கீங்கன்னு தெரிஞ்சுபோச்சுல்ல. தூங்கிட்டு இருந்தா கதவத் தட்டியிருக்கவே மாட்டேன். சத்தியமா.

பாப்பா பேரா? பந்து. ஆமா, என் பொண்ணு. வீட்ல அப்படித்தான் கூப்பிடுறது. நாலு வயசு. நடக்கப் பழகின நாள்லேர்ந்து அது நடந்து நான் பார்த்ததில்ல, ஓட்டம்தான். தண்ணி வேணும்னாலும் ஓடித்தான் வரும். குடிச்சிட்டு டம்ளர வைக்கவும் ஓடும். பந்து மாதிரி இங்க பட்டு அங்க போகும். நான் சொல்லி உங்களுக்குத் தெரியணுமா, உங்க தலைக்கு மேலதானே எல்லாம். சமையல்கட்டுலேர்ந்து பால்கனி வரைக்கும் ஒரே நேர்க்கோடு, நடுவுல உங்க படுக்கை ரூம். கட்டினவன் நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்து வச்சுக் கட்டியிருக்கான்.

என்னங்க? இல்ல, இப்ப சத்தம் இல்ல. ஆமா, இல்லதான். கேளுங்க, ஒண்ணுமே கேக்காது. அதுக்குத்தான் வர்றேன்.

நான் ஸ்கூல்ல பி.டி. மாஸ்டர் சிஸ்டர். பார்த்தா தெரியாது, இப்ப தொந்தி போட்டிருச்சு. பிள்ளைங்கள மைதானத்துல ஓட வைக்கிறதுதான் எனக்குச் சோறு. லாக்டவுன்னு மைதானத்துக்குப் பூட்டு போட்டாச்சு. இப்ப மேல, மொட்டை மாடிக் கதவுக்கு முன்னாடி ஒரு சின்ன இடம் இருக்குல்ல, அங்க நின்னு, செல்போன தண்ணி பாட்டில்ல சாய்ச்சு வச்சுக்கிட்டு, ஆன்லைன் கிளாஸ்ல கையத் தூக்கு, கையப் போடு, குதின்னு கத்திட்டு இருக்கேன். உங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னுதான் அவ்வளவு மேல போறது. மாடியத் திறந்து விடுங்க சார், பிள்ளைங்க முறை போட்டு ஓடட்டும்னு நம்ம அபார்ட்மென்ட் செக்ரெட்டரிகிட்ட கேட்டேன். கூட்டம் கூடிரும்ங்கறாரு. யாரு கூடப்போறா? துணிக்கொடியும் காக்காவும்தான். கீழ பார்க்குல ஊஞ்சல் பலகையக் கழட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க. சங்கிலி மட்டும் தொங்குது. பந்து அதப் பார்த்துட்டு, ஊஞ்சலுக்குப் பல்லு விழுந்திருச்சாப்பான்னு கேட்டா.

அப்பா அம்மாங்க என்ன சொல்றாங்கங்கறீங்க? ஐயோ, அத ஏன் கேக்குறீங்க. ஒவ்வொருத்தரும் ஒரு தினுசு. ஒரு அம்மா, சார், உக்காந்த இடத்துலயே ஓடுற மாதிரி எதாவது சொல்லிக் குடுங்கங்கறாங்க. உக்காந்துக்கிட்டு எப்படிம்மா ஓடுறது, நானும் யோசிச்சுத்தான் பார்க்குறேன். இன்னொருத்தரு, மூச்சு வாங்குற மாதிரி எதுவும் வேணாம் சார், மூச்சு வாங்கினா காத்துல இருக்குறதெல்லாம் உள்ள போயிருமேங்கறாரு. வீட்டுக்குள்ள, ஜன்னலயும் சாத்திட்டு! ஒரு அம்மா ரெட்டைப் பிள்ளைங்கள விடியறதுக்கு முன்னாடி கார் நிறுத்துற இடத்துக்குக் கூட்டிட்டுப் போய் ஓட விடுறாங்களாம். எங்கயாவது லைட் எரிஞ்சா தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவாங்களாம். திருட்டு ஓட்டம் சார்னு சொல்லிச் சிரிக்கிறாங்க. சிரிச்சுக்கிட்டே குரல் உடைஞ்சுபோச்சு அவங்களுக்கு. இன்னொருத்தரு வீட்ல போன் கேமராவுல பையனோட கை மட்டும் மேல போகும், கீழ வரும். உத்துப் பார்த்தா பின்னாடி அவங்க அம்மா புடிச்சுத் தூக்கி விட்டுட்டு இருக்காங்க. பையன் கண்ணு டிவியில.

எல்லாருக்கும் பதில் சொல்லிருவேன் சிஸ்டர், வாய் எனக்குக் கொஞ்சம் நீளம். ஒரே ஒருத்தருக்குத்தான் சொல்ல முடியல. சார், இந்த வருஷம் ஓடலன்னா என்ன குறைஞ்சுபோச்சு, அடுத்த வருஷம் ஓடிக்குவான், உயிரு இருந்தா போதும்னாரு. எலும்பு வளர்ற வயசு, அது இதுன்னு ஆரம்பிச்சேன். குறுக்க பேசாம கேட்டுக்கிட்டாரு. அப்புறம் சொல்றாரு, அவங்க அண்ணன அந்த வாரம்தான் ஆஸ்பத்திரியிலேர்ந்து துணி சுத்திக் குடுத்தாங்களாம், முகத்தக்கூடக் காட்டலயாம். பையன் பேர வருகைப் பதிவுல டிக் அடிச்சுட்டு விட்டுட்டேன்.

நீங்க அந்த மாதிரி எத்தன பார்த்திருப்பீங்க. உங்ககிட்டப் போய்ச் சொல்லிட்டு இருக்கேன்.

பந்தோட அம்மாவா? அவளும் அந்தக் கட்சிதான். ஓடினா விழும், விழுந்தா அடிபடும், அடிபட்டா எங்க தூக்கிட்டு ஓடுறது, ஆஸ்பத்திரிக்குத்தானே, அங்கதானே எல்லாம் இருக்குங்கறா. ஒரு தையல் போடப் போய் வேற எதையாவது வாங்கிட்டு வரணுமாங்கறா. தப்புன்னு சொல்ல முடியுமா? அவளுக்கு வேலையும் அப்படி. வீட்ல உக்காந்து கம்பெனிக்கு வர்ற போன எல்லாம் எடுத்துப் பேசணும். பேசிட்டு இருக்கும்போது பின்னாடி ஒரு சத்தம் வந்தா மேலதிகாரி ஒரு பாட்டம் திட்டுவாரு. அதனால பிள்ளை அமைதியா இருந்தா அவளுக்கு அது வரம். இப்பக்கூட மேல காதுல மாட்டிக்கிட்டுப் பேசிட்டுதான் இருக்கா. நான் இங்க வந்தது தெரியாது.

இருங்க இருங்க, விஷயத்துக்குத்தான் வர்றேன். வண்டி வர இன்னும் நேரம் இருக்குல்ல?

ஒரு நாள் நீங்களே மேல வந்தீங்க, ஞாபகம் இருக்கா? குச்சியால இடிச்சு இடிச்சுப் பார்த்துட்டு, முடியாம ஏறி வந்தீங்க. சண்டை போடத்தான் வர்றீங்கன்னு நானும் நாலு வார்த்தை தயார் பண்ணி வச்சுக்கிட்டுக் கதவத் திறந்தேன். நீங்க சண்டையே போடல. மூக்குக்கு மேல மாஸ்க் அழுத்தின தடம், கன்னத்துல தோல் உரிஞ்சு சிவந்து கெடந்துச்சு. தூங்கணும் சார்னீங்க. அந்த ஒரு வார்த்தைதான். திரும்பி, கைப்பிடியப் புடிச்சுக்கிட்டு எறங்கிப் போயிட்டீங்க. எனக்கு நாலு அறை வாங்கின மாதிரி ஆயிருச்சு.

அன்னிக்குச் சாயங்காலம்தான் அந்த ஆட்டத்தக் கண்டுபுடிச்சேன்.

பிள்ளைங்கள சும்மா இரு, ஓடாதன்னு சொன்னா இருக்காது சிஸ்டர். எங்க தொழில்ல அது முதல் பாடம். அதையே ஆட்டமாக்கி, அதுக்கு ஒரு விதி வச்சா, மைதானம் முழுக்க நிக்கிற பிள்ளைங்க மூச்சு விடாம நிக்கும். இருந்த எடத்துல செலையா நிக்க வச்சிருக்கேன் நான், அரை ஸ்கூல. அதே வித்தைய வீட்ல எறக்கினேன். பந்து, இங்க வா, ஒரு ரகசியம், நம்ம வீட்டுத் தரை தூங்குதுன்னேன். கண்ண விரிச்சுக்கிட்டு, தரை எப்படிப்பா தூங்கும்னா. காத வச்சுப் பாருன்னேன். குப்புறப் படுத்துக் காத வச்சா. உங்க ஃபேன் சத்தமோ என்னவோ, ம்ம்ம்னு கேட்டிருக்கு. ஆமாப்பா, குறட்டை விடுதுன்னா. அவ்வளவுதான், ஆட்டம் சூடு புடிச்சிருச்சு. தரை பாவம், ராத்திரியெல்லாம் வேலை செஞ்சிட்டு வந்து தூங்குது, கால் வச்சா முழிச்சுக்கும். அப்பப்ப டொக்குன்னு ஒரு இடி இடிக்குதே, அது என்னன்னா, யாரோ எழுப்பிட்டாங்கன்னு தரை திட்டுது. நீங்க இடிக்கிறதத்தான் அப்படிச் சொல்லி வச்சேன். கோச்சுக்காதீங்க.

நல்லா விளையாடினா. பூனை மாதிரி நுனிக்கால்ல நடப்பா, சோபாலேர்ந்து மெத்தைக்குத் தாவுவா. உங்களுக்கும் சத்தம் கொறஞ்சிருக்கணுமே? கொறஞ்சுதுல்ல. ஆனா இவ அம்மா என்ன பண்ணிட்டான்னா, ஒரு நாள் பரிதாபப்பட்டு, போதும்டா, தரை முழிச்சிருச்சு, போய் விளையாடுன்னுட்டா. அது அம்பு மாதிரி கெளம்புச்சு, நீங்க இடிச்சீங்க. அப்பத்தான் நான் ஒரு விதிய இன்னும் கெட்டியாக்கினேன். யாரு சொன்னாலும் நம்பக் கூடாது. அம்மா சொன்னாலும் நம்பக் கூடாது, அப்பா சொன்னாலும் நம்பக் கூடாது. தரையே முழிச்சு, தரையே சொல்லணும். அப்பத்தான் ஆட்டம் முடியும். பி.டி. மாஸ்டருங்களுக்கு அது ஒரு வியாதி சிஸ்டர். விதியில ஓட்டை இருந்தாத் தூக்கம் வராது. அடைச்சுட்டுத்தான் படுப்போம்.

அதுக்கப்புறம் ஒரு சத்தம் இல்ல. நீங்ககூட எங்க கதவுக் கைப்பிடியில ஒரு கலர் பென்சில் டப்பாவத் தொங்க விட்டிருந்தீங்க. அமைதியா இருக்குற பாப்பாவுக்குன்னு எழுதி. உண்மையச் சொன்னா, பந்தோட அம்மா அத மருந்தடிச்சு பால்கனியில காய வச்சுட்டுத்தான் குடுத்தா. நீங்க வார்டுலேர்ந்து வர்றவங்கன்னு. ஆமா, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க, தெரியும். வாசல்ல நின்னு உங்ககிட்ட இவ்வளவு நேரம் யாரும் பேசியிருக்க மாட்டாங்க. அந்தப் பென்சில்ல பந்து என்ன வரைஞ்சா தெரியுமா? எங்க ஹாலத்தான். தரை முழுக்கப் பழுப்பு அடிச்சு, நடுவுல ரெண்டு மூடின கண்ணு. இமை முடியெல்லாம் போட்டு.

நான் அத பிரிட்ஜ்ல ஒட்டி வச்சு ரசிச்சுட்டு இருந்தேன், மடையன் மாதிரி.

அது யாரோடது சிஸ்டர், உங்க செருப்பு ஸ்டாண்டுல, அந்த ஆரஞ்சு கலர் குட்டிச் செருப்பு? கதவிடுக்குல தெரியுது. பையனா? எனக்குத் தெரியவே தெரியாதே. எங்க இருக்கான்? ஓ, உங்க அக்கா வீட்ல. இது ஆரம்பிச்சதுலேர்ந்தேவா? அப்போ நீங்க அவனத் தொட்டே... சரி, விடுங்க. கேக்கல. அங்க வாசல் இருக்கா, ஓடுறானா? சைக்கிளா! வீடியோவுல ஓட்டிக் காட்டுறானா? நல்லது. ரொம்ப நல்லது சிஸ்டர். ஓடட்டும்.

இவள நேத்து குளிப்பாட்டினேன். வழக்கமா அவ அம்மாதான். நேத்து அவளுக்கு வேலை நேரம் மாறிப்போச்சு, நான் பண்ணினேன். காலுக்கு சோப்பு போடுறேன், கையில என்னவோ மாதிரி இருக்கு. கெண்டைச் சதை இருக்குல்ல, பந்துக்கு அது கல்லு மாதிரி இருக்கும், நானே தட்டித் தட்டிப் பெருமைப்படுவேன், ஸ்டேட் லெவல் கால்னு. நேத்து புடிச்சா சதை தனியா ஆடுது. மாவு மாதிரி. ஊரான் பிள்ளைங்களுக்கெல்லாம் குதி குதின்னு மேல நின்னு தொண்டை கிழியக் கத்திட்டு இருக்கேன், என் வீட்ல...

அட, அதச் சொல்லவே இல்லையே. மேல குதிச்சது அவ இல்ல சிஸ்டர். நான்தான்.

ஆமா, நான்தான். இன்னிக்கும் நான்தான், நேத்து சாயங்காலம் நீங்க வேலைக்குக் கெளம்புற நேரம் கேட்டதும் நான்தான். அவ தரையில கால் வச்சு ரொம்ப நாளாச்சு. மொதல்ல நுனிக்கால்ல நடந்தா. அப்புறம் மெத்தைய விட்டு எறங்குறது கொறஞ்சுது. இப்ப எறங்குறதே இல்ல. பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போகணும். சாப்பாடு மெத்தைக்கு வரணும். அவ ஆட்டத்துல இருக்கான்னுதான் நாங்க நினைச்சோம், சிரிச்சோம்கூட. அவ அம்மா, பாருங்க எவ்வளவு சமத்துன்னு அவ அக்காகிட்ட போன்ல சொல்றா. நேத்து குளிப்பாட்டிட்டு வந்து வேணும்னே தரையில எறக்கி விட்டேன். கால் ரெண்டும் வெடவெடன்னு ஆடுது. என் சட்டையப் புடிச்சுக்கிட்டா பாருங்க, அந்தப் புடி. அழுகையக்கூட வாய்க்குள்ளயே அழுறா, சத்தம் வரக் கூடாதுன்னு. தரை தூங்குதுப்பா, தரை தூங்குதுப்பாங்கறா.

டேய், அது விளையாட்டுடா, அப்பா சும்மா சொன்னேன்டான்னேன். நம்பல. எப்படி நம்புவா? அப்பா சொன்னாலும் நம்பக் கூடாதுன்னு விதி போட்டது யாரு? அப்பாதானே. அதான் குதிச்சுக் காட்டினேன். பாருடா பந்து, அப்பா எவ்வளவு குண்டு, நான் குதிச்சே தரை முழிக்கல பாரு, நீ வான்னு நடு ஹால்ல நின்னு தொம்மு தொம்முன்னு குதிச்சேன். இன்னிக்கும் அதேதான். அந்த நேரம் பார்த்து நீங்க இடிச்சீங்க. அவ போர்வைய இழுத்துத் தலைவரைக்கும் மூடிக்கிட்டா. திட்டுதுப்பா, எழுப்பிட்டீங்கப்பான்னு உள்ளேர்ந்து சொல்றா.

அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. நான் நாள் முழுக்கக் குதிச்சாலும் ஆகாது. டாக்டர்கிட்ட போன்ல கேட்டேன், காலுக்கு ஒண்ணும் இல்ல, நடக்க வைங்க, சரியாயிரும்னாரு. நடக்க வைக்கிறது எப்படி? அவளுக்குத் தரைன்னா அது நீங்கதான் சிஸ்டர். தரைக்கு இருக்குற ஒரே குரல் உங்க குச்சி. நீங்க சாயங்காலம் போயிட்டீங்கன்னா தரை ஊமையாயிரும். அப்புறம் யாரு வந்து அவகிட்ட, முழிச்சிட்டேன், வா விளையாடலாம்னு சொல்லுவா?

அதனால, ஒண்ணும் இல்ல. நான் மேல போறேன். விசில் எடுத்து ஒரு ஊது ஊதுவேன், உங்களுக்குக் கேக்கும். தரையே தரையே, முழிச்சிட்டியான்னு சத்தமா கேப்பேன். நீங்க பதிலுக்கு ஹாலுக்கு நேர் கீழ நின்னு குச்சியால தட்டணும். அவ்வளவுதான் காரியம். இடிக்க வேணாம், எப்பவும் இடிக்கிற மாதிரி வேணாம், அது திட்டுற சத்தம்னு அவளுக்குத் தெரியும். வேற மாதிரி. எப்படின்னா... உங்க பையனக் காலையில எப்படி எழுப்புவீங்க? முதுகுல தட்டித்தானே? ஆங், அப்படித்தான். அந்தத் தட்டு.

கிறுக்குத்தனமா இருக்கா? இருக்கும். நாளைக்கு ஓனர்கிட்ட நீங்க எத வேணா சொல்லிக்கோங்க, நான் ஒத்துக்கிறேன்.

என்னங்க? சங்கிலிய ஏன் எடுக்குறீங்க? ஓ, குச்சி கதவுக்குப் பின்னாடியா. எடுங்க எடுங்க, நான் இன்னும் ரெண்டு படி மேல போய்க்கிறேன். தலைப்பக்கம் துணி சுத்தினா சத்தம் கொஞ்சம் மெத்துன்னு வருமா? நீங்களே சொல்றீங்க பாருங்க, எனக்கு இது தோணல. சுத்துங்க, நல்லா சுத்துங்க.

அப்போ நான் ஓடுறேன். விசில் கேக்கும். ஒண்ணு மட்டும் சிஸ்டர், முதல் தட்டுக்கே அவ எறங்க மாட்டா. நிறுத்திராதீங்க.